அறுபத்துமூணு ஆணி

வாம்மா, வா. கதவைச் சாத்து. சட்டுனு, சட்டுனு! அப்பாடா. செருப்பை இப்படி ரெண்டு கதவுக்கும் நடுவுலயே விட்டுடு. என்ன பார்க்கிற, ஒரு வாசலுக்கு எதுக்கு ரெண்டு கதவுன்னா? மரக்கதவு வீடு கட்டினப்பவே போட்டது. இந்தக் கம்பிவலைக் கதவு போன ஆடி மாசம் போட்டது. அதைச் சாத்தின அப்புறம்தான் இதைத் திறக்கணும். பேங்க் லாக்கருக்குப் போற மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். சொல்லிட்டுப் போகட்டும். அவர் மாடியில உக்கார்ந்துக்கிட்டு ஒரு நாளைக்கு வாயைத் திறக்கறதே நாலு தடவை, அதுல மூணு தடவை காபிக்கு.

பேரு தேன்மொழியா? நல்லா இருக்கு. என் பேரு மங்கையர்க்கரசி. ஆன்ட்டின்னே கூப்பிடு, முழுசா கூப்பிட்டா உனக்கு மூச்சு வாங்கும். வேலை எங்க? ரத்தம் பரிசோதிக்கிற லேப்லயா! பாரேன், இதுக்கு முன்னாடி இந்தப் போர்ஷன்ல இருந்த பொண்ணும் லேப்தான். உறையூர்ல லேபுக்கா பஞ்சம், தெருவுக்கு ரெண்டு இருக்கு. போனைக் கீழ வெச்சுட்டு நிதானமா உக்காரேன். ஓ, வீட்டுல காட்டணுமா? காட்டு, காட்டு. இப்பல்லாம் பொண்ணு பார்க்கறதே போன்லதான், வீடு பார்க்கறதுக்கு என்ன. ஐயோ, அந்த நாற்காலி வேணாம்மா! அது அபிராமியோடது. இந்த ஸ்டூல்ல உக்காரு.

அபிராமி யாருன்னு தேடாத, அண்ணாந்து பாரு. அந்த மேல் பலகையில சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காளே, வெள்ளையும் பழுப்புமா, வால் தொங்குது பாரு, அவதான். அபிராமி! அடி அபிராமி! பார்த்தியா, திரும்ப மாட்டா. ஆடி மாசத்துலேர்ந்து கூப்பிடறேன், ஒரு நாள் திரும்பினது கிடையாது. அவ்வளவு கர்வம். எனக்குப் பூனையே பிடிக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஏதோ வந்துட்டா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கேன்.

சுவத்தைத் தடவிப் பாரேன். வழவழன்னு இருக்கா? அத்தனையும் காவேரி மணல். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நானே பக்கத்துல நின்னு சலிக்க விட்டுப் பூசினது. இப்பப் பூசறாங்களே கல்லை அரைச்ச தூள், அது இல்ல. அதனால இந்த வீட்டுல ஒரே சட்டம்தான். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலண்டருக்குக் கூட. ஏழு குடும்பம் இருந்துட்டுப் போயிருக்கு, ஒருத்தரும் ஒரு ஆணி அடிச்சதில்ல. ஒரு வாத்தியார் தன் கல்யாண போட்டோவை நாலு வருஷம் பீரோ மேல சாய்ச்சே வெச்சிருந்தார். தங்கமான மனுஷன்.

ஏன் சுவத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்கிற? ஆமா, இப்ப அடிச்சிருக்கு. அறுபத்துமூணு. நாயன்மார் கணக்கு. நான் திட்டம் போட்டு அடிக்கல, தானா அமைஞ்சுது. ஜன்னல் வலைக்கு மட்டும் இருபத்துநாலு. பலகைங்க படி மாதிரி ஏறிப் போகுதில்ல, அதுக்கு ஒண்ணொண்ணுக்கும் நாலு. பக்கத்துத் தெரு ஆசாரி சுத்தியலைத் தூக்கிட்டு, 'அம்மா, நிசமாவே அடிக்கட்டுமா'ன்னு மூணு தடவை கேட்டான். அவனை நானே ஒரு தடவை இந்த வீட்டுலேர்ந்து துரத்தியிருக்கேன், அதான் பயம். அடிடான்னேன்.

எல்லாத்துக்கும் காரணம் இருக்கு, சொல்றேன் கேளு. முன்னாடி இருந்த பொண்ணு பேரு மெர்லின். ஊரு தூத்துக்குடி. சைவம் மட்டும்தான்னு வாசல்லயே சொன்னேன், முட்டைக்கும் கூட இடமில்லைன்னேன். சரின்னு தலையை ஆட்டினா. தூத்துக்குடிக்காரி மீன் வாசனை இல்லாம ரெண்டு வருஷம் இருந்தா, அதைச் சொல்லணும், நான் யாரையும் குறை சொல்ற ஆளில்ல. தை மாசம் ஒரு நாள் சாக்கடை ஓரத்துலேர்ந்து ஒரு குட்டியைத் துப்பட்டாவுல சுத்திக்கிட்டு வந்துட்டா. ஒரு பன்னு அளவுதான் இருக்கும். பேரும் பன்னுன்னே வெச்சுட்டா. 'ஆன்ட்டி, வெளியவே விட மாட்டேன், வீட்டுக்குள்ளயே வளர்க்கிறேன், உங்களுக்கு இருக்கறதே தெரியாது'ன்னா. அவங்க ஊர்ல அவ வளர்த்த ஒண்ணு லாரியில அடிபட்டுச்சாம். அதுலேர்ந்து பயம்.

நான் சிரிச்சேன். பூனையை எங்கயாவது வீட்டுக்குள்ளயே வளர்ப்பாங்களா? சுவரேறிக் குதிச்சு நாலு வீட்டுப் பாலைக் குடிச்சுட்டு வர்றதுக்குப் பேருதானே பூனை? அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்பத் தெரியும். வீட்டோட இருக்கிற பூனைக்கு ஏறி நிக்க உயரம் வேணும். நகத்தால கீற ஒரு கம்பம் வேணும். ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி, வேடிக்கை பார்க்க ஒரு ஜன்னல். இதெல்லாம் இல்லேன்னா ஏங்கிப் போயிடும். மிருக டாக்டர் சொன்னார். மெர்லினும் இதையேதான் சொன்னா, அச்சு அசலா இதையேதான், ஆனா அவ டாக்டர் இல்லையே.

சித்திரையில ஒரு நாள் மாடிக்கு வந்து நின்னா. 'ஆன்ட்டி, இந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு வலை. எட்டே எட்டு ஆணி. காலி பண்ணும்போது நானே ஓட்டையை அடைச்சு, சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துடறேன்.' எட்டு ஆணி! நான் காவேரி மணலைப் பத்தி அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டுக் கீழ போயிட்டா. அதுக்கப்புறம் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுக்கிட்டே இருந்தா, கத்திரி வெயில்ல. கழுத்தெல்லாம் வேர்க்குரு. அந்தக் கம்பிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில குட்டி பூந்து போயிடுமாம். பிடிவாதக்காரி.

எனக்கு என்ன கவலைன்னா, வீட்டைச் சாத்தியே வெச்சா சுவர் ஓதம் பிடிச்சுடும். கத்திரி வெயில்ல என்ன ஓதம்னு கேக்கறியா? அப்படி இல்லம்மா, பழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. அதனால அவ வேலைக்குப் போனதும் நான் மாத்துச் சாவி போட்டு உள்ள வந்து, ஜன்னலை ஒரு மணி நேரம் திறந்து வெச்சு, மறுபடியும் சாத்திடுவேன். அவகிட்ட சொன்னதில்ல, எதுக்கு வீணா சங்கடம்? நான் வரும்போது குட்டி கட்டிலுக்கு அடியில போயிடும். அன்னைக்குத் திறந்து வெச்சேன், மேல குக்கர் நாலாவது விசில் அடிச்சுது, ஓடினேன். அப்படியே சமையல்ல மறந்துட்டேன். திரும்ப வந்து பார்த்தா கட்டிலுக்கு அடியில ஒண்ணுமில்ல. ஜன்னலைச் சாத்தி, கொக்கியைப் போட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் அவ வந்தா. ஐயோ, அதை ஏன் கேக்கற. தெரு முழுக்க 'பன்னு, பன்னு'ன்னு. கல்யாண மண்டபத்துக் கொட்டகை, சாக்கடை மூடி, எதிர் வீட்டு மாடி, ஒண்ணு பாக்கியில்ல. நானும் சும்மா இல்லம்மா, கூடவே போனேன், டார்ச் பிடிச்சேன். படத்தோட நோட்டீஸ் அடிச்சுக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினா. பசை நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். அதோ அந்தப் படியில உக்கார்ந்து, 'நான்தான் ஆன்ட்டி, காலையில அவசரத்துல ஜன்னலைத் திறந்து போட்டுட்டேன் போல. திரும்பி வந்தப்ப சாத்தியிருந்துச்சு, ஒருவேளை கதவு வழியா என் காலுக்கடியில போயிடுச்சோ என்னவோ. எப்படியும் நான்தான் தொலைச்சேன்'னு அழறா.

நான் என்ன சொல்ல முடியும், சொல்லு? அழற பொண்ணு பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசக் கூடாது. 'விடும்மா, மனுஷங்கன்னா மறதி வரத்தான் செய்யும்'னு தேத்தினேன். பால் காய்ச்சிக் குடுத்தேன். எந்த ஹவுஸ் ஓனர் பண்ணுவா?

ஆடி பிறக்கறதுக்கு முன்னாடி காலி பண்ணிட்டா. இந்த ஜன்னலைப் பார்க்கவே முடியலையாம். போகும்போது வீட்டைக் கூட்டித் துடைச்சுட்டுப் போனா. சுவத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்ல.

பத்து நாள் கழிச்சு, ஆடி முதல் வெள்ளி, கோலம் போட வந்தேன். இதே ஜன்னலுக்கு வெளியில இது உக்கார்ந்திருக்கு. எலும்பும் தோலுமா. ஒரு காது கிழிஞ்சு, சீழ் வெச்சு. என்னைப் பார்க்கல, ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தது. திறந்தேன். உள்ள வந்து, வெறும் ரூமெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு, கட்டில் இருந்த இடத்துல போய்ப் படுத்துக்கிச்சு. கைப்பிடிக் கோலமாவு அப்படியே கையில இருக்கு, நான் தரையில உக்கார்ந்து அழறேன். என் மாமியார் போனப்ப கூட நான் அப்படி அழல.

மெர்லினுக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன். எடுத்தேன்மா, சத்தியமா. அப்புறம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா பாவம் இந்தக் கோலத்துல பார்த்தா மனசு உடைஞ்சு போயிடுவா, காது ஆறட்டும்னு விட்டேன். காது ஆறினப்ப ஆடி அமாவாசை. அதுக்கப்புறம் டாக்டர், பூனையை அடிக்கடி இடம் மாத்தக் கூடாதுன்னுட்டார். டாக்டர் பேச்சை மீற முடியுமா? ஆடியில வீடு பார்க்க ஒரு ஈ காக்கா வராது, வீடு காலியாத்தான் கிடந்தது. மாடிக்கு எடுத்துட்டுப் போக முடியாது, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு, பூனை முடி ஆகாது. சரி, கீழயே இதுக்கு ஒரு வசதி பண்ணுவோம்னுதான் ஆரம்பிச்சேன்.

அந்தக் கம்பத்தைப் பாரு. கயித்துக் கடையில முப்பது முழம் தேங்காய் நார்க் கயிறு வாங்கி நானே சுத்தினது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அந்த மூலையில டப்பாவுல இருக்கிற மணலைத் தொட்டுப் பாரு. வீடு கட்டினப்ப மிஞ்சினது, மூணு மூட்டை. பின்னாடி பூச்சு வேலை வந்தா இருக்கட்டும்னு மாடிப்படிக்கு அடியில இருபத்திரண்டு வருஷம் காபந்து பண்ணினேன். என் கூடப் பிறந்த தம்பி வீட்டு விரிசலுக்கு ரெண்டு சட்டி கேட்டான், இல்லைன்னுட்டேன். இப்ப இவ வெளிக்குப் போக அதுதான். மெத்துனு இருந்தாத்தான் போவா.

நெத்திலியா? ஆமாம்மா, அந்த வாசனைதான், மூக்கு நல்லா இருக்கு உனக்கு. பின்னாடி தனி அடுப்பு, தனிச் சட்டி. மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு நான்தான் வேக வெக்கிறேன், உப்பில்லாம. அதுக்காக வீடு சைவம் இல்லைன்னு நினைச்சுடாத. குடியிருக்கிற மனுஷங்களுக்கு இன்னும் சைவம்தான்.

அந்த நோட்டீஸா? மழையில நனைஞ்சு கிழிஞ்சு தொங்கிச்சு, தெருவே அசிங்கமா இருந்தது, நான்தான் உரிச்சுப் போட்டேன். மெர்லின் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. 'ஆன்ட்டி, பன்னு அந்தப் பக்கம் வந்துச்சா?' 'பன்னு வரலைம்மா'ன்னு சொல்வேன். இதுல பொய் என்ன இருக்கு? வந்தது அபிராமி. சங்கடஹர சதுர்த்திக்குப் பேர் வெச்சு, பால் எல்லாம் குடுத்தாச்சு. என்ன, போன வாரம் அவ போனை வெக்கிற முன்னாடி, 'செத்துப் போயிருந்தா கூடச் சொல்லிடுங்க ஆன்ட்டி, தாங்கிக்குவேன்'னா. அதுக்கப்புறம் அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. என்னமோ வெயிலுக்குன்னு நினைக்கிறேன்.

சொல்ல என்ன வெக்கம், எனக்கு இப்பல்லாம் காலையில எந்திரிக்க ஒரு காரணம் இருக்கும்மா. இவ ஜன்னல்ல உக்கார்ந்து அணிலைப் பார்ப்பா, நான் இந்த ஸ்டூல்ல உக்கார்ந்து இவளைப் பார்ப்பேன். அவ்வளவுதான். ஆனா ராத்திரி இவ தனியா கிடக்கறாளேன்னு மனசு கேக்கல. அதுக்குத்தான் ஆவணி பிறந்ததும் வாசல்ல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டினேன். பெரிய நிபந்தனை ஒண்ணுமில்ல. ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும், அப்பத்தான் அவ கதவுகிட்ட வந்து உக்காருவா. யாருக்காகக் காத்திருக்காளோ, யார் கண்டா. அவ தூங்கும்போது மிக்ஸி போடக் கூடாது. பினாயில் ஆகாது, சாம்பிராணி ஆகாது. மத்தபடி உன் வீடு மாதிரி இருந்துக்கலாம்.

என்ன? யாரு பேசினது? உன் போன்லயா? 'பன்னு'ன்னு யாரோ... ஐயையோ அபிராமி, பார்த்து! ஒரே தாவா தாவிட்டாளே! அந்தப் பலகையிலேர்ந்து ஒவ்வொரு படியாத்தானே இறங்குவா. உன் மடியில ஏறி... போனை மோந்து பார்க்கிறா. தலையால முட்டறா. என்னை ஒரு நாள் முட்டினதில்லையே.

மெர்லினா லைன்ல? எப்பலேர்ந்து? செருப்பு விட்டப்பலேர்ந்தா? அப்ப, ஜன்னல்... அதையுமா?

இங்க பாரு மெர்லின், அழாத. போனை இப்படிக் காட்டு தேன்மொழி, அவ மூஞ்சி தெரியல. நான் உன் மேல பழி போடலையே, நீயாத்தானே சொல்லிக்கிட்ட? இது இங்க இருக்குன்னு எதிர்த்த இஸ்திரிக்கடை ராசு சொன்னானா உனக்கு? அவன் துணியைத் தேய்க்கிற வேலையை விட்டுட்டு ஊரான் வீட்டு ஜன்னலைத்தான் பார்ப்பான். ஆளை அனுப்பி வேவு பார்க்கிற அளவுக்கு நான் என்ன... என்னன்னு கேக்கற? எதைச் சொல்லணும்? சரி. சரிடி. கொக்கி நீ போட்டுத்தான் இருந்த. எடுத்தது நான். திறந்ததும் நான், சாத்தினதும் நான். நாலு மாசமா தெரியும் எனக்கு. சொல்லிட்டேன். போதுமா?

கூட்டிட்டுப் போகணுமா. உன்னுதுதான், யாரு இல்லைன்னா? ஒண்ணு மட்டும் சொல்லு, இப்ப இருக்கிற வீட்டுல ஜன்னலுக்கு வலை போட்டிருக்கியா? இல்லையா? ஏன்? ஓனர் ஆணி அடிக்க விடலையா? என்ன ஜென்மங்கடி அதுங்க! ஒரு வாயில்லா ஜீவனை விடச் சுவரு பெருசாப் போச்சா? செத்தா சுவத்தையா கட்டிக்கிட்டுப் போகப் போறாங்க? அந்த ஆளு நம்பரைக் குடு, நான் கேக்கறேன் நறுக்குன்னு நாலு வார்த்தை! ஏன் தேன்மொழி சிரிக்கிற? இதுல சிரிக்க என்ன இருக்கு?

ராசு கடையிலதான் நிக்கிறாளா? வரச் சொல்லேன். மாட்டாளா. வாசப்படி வரைக்கும் கூடவா? சரி விடு, வற்புறுத்தாத.

அந்தக் கூடையை எடு. அடியில இந்தப் புடவையை விரி, துவைக்காததுதான் வேணும், அந்த வாசனை இல்லாம அவ தூங்க மாட்டா. நெத்திலி டப்பாவுல இருக்கு. மணல் ஒரு பை கட்டித் தரேன், கனமா இருக்கும், ரெண்டு கையால பிடி. அந்தக் கிழிஞ்ச காதைத் தொடக் கூடாதுன்னு சொல்லு, மழை வந்தா இன்னும் வலிக்குது. போய்ட்டு வாடி அபிராமி. பாரு, இப்பவும் திரும்பல. சரி, பன்னு. பன்னு! ...ம். திரும்பிப் பார்க்கிறா.

இரு இரு, இதையும் அவகிட்ட குடுத்துடு. மாத்துச் சாவி. இனிமே இது என்கிட்ட இருக்க வேணாம். அந்தப் போர்டை இன்னைக்கே கழட்டிடறேன்னு சொல்லு, வலையும் பலகையும் இருக்கறபடியே இருக்குன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. சாவியை வாங்கலேன்னா ராசு கடையில குடுத்துட்டுப் போயிடு.

பார்த்துப் போ, கூடையை ஆட்டாத. கதவா? வேணாம்மா, சாத்தாத. ரெண்டும் திறந்தே கிடக்கட்டும். சாத்தியே வெச்சா சுவர் ஓதம் பிடிச்சுடும்.